தோன்றா எழுவாய்: சுற்றுச்சூழல் பாடத்தின் இலக்கணம்

1

இளங்கலை படிக்கிற எல்லாரும் ஒருமுறை எழுதித் தொலைக்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. சுற்றுச்சூழல் கல்வி. பி.காம். படிப்பவனும் எழுத வேண்டும், பி.ஏ. வரலாறு படிப்பவளும் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் பல பல்கலைக்கழகங்களில் இது பகுதி நான்கில் கிடக்கிறது, இரண்டு கிரெடிட். வகுப்பு, பணிநேரம் குறைவாக இருக்கிற ஆசிரியர் தலையில் விழும். அவர் விலங்கியல்காரராக இருக்கலாம், தமிழ்க்காரராகவும் இருக்கலாம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒரு கைடு, மறுநாள் பாஸ், அதற்கடுத்த நாள் மறதி.

இப்படி யாரும் பொருட்படுத்தாத ஒரு தாளைப் பற்றி விமர்சனம் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். யாரும் பொருட்படுத்தாமல் வாசிக்கிற பிரதிகள்தான் கருத்தியலின் வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடிக்கின்றன. காவியத்தைக் கட்டுடைக்க நம்மிடம் ஆள் இருக்கிறது. சினிமாவைக் கட்டுடைக்க இன்னும் அதிகமாகவே இருக்கிறது. பாடத்திட்டத்தை ஒரு பிரதியாக வாசிக்க மட்டும் ஆளில்லை. ஒரு தலைமுறை முழுதும் கட்டாயமாக வாசிக்கிற பிரதி வேறு எது? திருக்குறள்கூட இந்த அளவுக்குக் கட்டாயமில்லை.

இதன் பிறப்புக் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். 1991 நவம்பர் 22 அன்று எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. பள்ளிகளில் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும், கல்லூரிகளிலும் அப்படி ஆக்குவது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு யோசிக்க வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. இன்னொரு பகுதியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. சினிமா கொட்டகைகளில் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் பற்றி இரண்டு சிலைடாவது இலவசமாகக் காட்ட வேண்டும், லைசென்ஸுக்கு அதுவும் ஒரு நிபந்தனை. ஆக, இந்தப் பாடமும் கொட்டகை சிலைடும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பாடத்தின் குரலில் கடைசி வரை அந்த சிலைடின் வாடை போகவில்லை என்பது என் வாசிப்பு.

2003இல் மானியக் குழு ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. எட்டு அலகு, ஐம்பது வகுப்பு, நூறு மதிப்பெண். 2017இல் அதைத் திருத்தினார்கள். 2020 கல்விக் கொள்கையை ஒட்டி 2023இல் இன்னொரு சட்டகம் வந்தது. தலைப்புகள் மாறின, காலநிலை மாற்றம், நீடித்த வளர்ச்சி இலக்குகள் என்று புதுச் சரக்கு ஏறியது. ஆனால் கைடுகளிலும் கேள்வித்தாள்களிலும் 2003இன் எலும்புக்கூடுதான் வெகுகாலம் நடமாடியது. அதனால் அதையே முதலில் வாசிப்போம்.

2

பாடத்திட்டம் மோசமானது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனால் அது அநியாயம். அணைகளும் சுரங்கங்களும் காட்டையும் பழங்குடிகளையும் என்ன செய்கின்றன என்பது அதில் இருக்கிறது. மக்களை இடம்பெயர்ப்பதும் மறுகுடியமர்த்தலும் இருக்கின்றன. நுகர்வுவெறி இருக்கிறது. சட்டங்களை அமல்படுத்துவதில் உள்ள சிக்கல்கூட இருக்கிறது. எனவே எதை விட்டுவிட்டார்கள் என்று பட்டியல் போடுகிற விமர்சனம் இங்கே செல்லாது. எதைச் சொல்கிறார்கள் என்பதைவிட எந்த இலக்கணத்தில் சொல்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

தமிழில் எழுதப்படுகிற எந்தச் சுற்றுச்சூழல் பாட விடையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘காடுகள் அழிக்கப்படுகின்றன.’ ‘நிலத்தடி நீர் மாசடைகிறது.’ ‘பழங்குடி மக்கள் இடம்பெயர நேரிடுகிறது.’ நன்னூல் படித்தவனுக்கு இதில் உறுத்த வேண்டும். அழிக்கப்படுகின்றன என்றால் யாரால்? செயப்பாட்டு வினையில் செய்தவன் மூன்றாம் வேற்றுமையில் ‘ஆல்’ உருபோடு வந்து நிற்க வேண்டும். இங்கே அந்த உருபுக்கு வேலையே இல்லை. ‘மாசடைகிறது’ இன்னும் மோசம், அது தன்வினை. ஆறு தானே போய் மாசை அடைந்துகொள்கிறது, பிள்ளை வயசுக்கு வருகிற மாதிரி. ‘மாசுபடுத்துகிறது’ என்று பிறவினையாக எழுதினால் உடனே ஓர் எழுவாய் வேண்டும். எது மாசுபடுத்துகிறது? எந்த ஆலை? யாருடைய ஆலை? இந்தப் பாடத்தில் எழுவாய் பெரும்பாலும் தோன்றா எழுவாய்தான்.

எழுவாய் அபூர்வமாகத் தோன்றுகிற இடத்தில் யார் வருகிறார் என்று பாருங்கள். ‘மனிதன்.’ மனிதன் தன் பேராசையால் இயற்கையை அழித்தான். இந்த மனிதனுக்கு ஊர் இல்லை, சாதி இல்லை, சொத்து இல்லை, பால் மட்டும் இருக்கிறது. தோல் பதனிடும் ஆலையின் முதலாளியும் அவன்தான், சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரை நிற்கிறவனும் அவன்தான். ரெண்டு பேருக்கும் பேராசையில் சம பங்கு. குற்றத்தை இவ்வளவு ஜனநாயகமாகப் பங்கிட்டுக் கொடுத்த பிரதி வேறு இல்லை.

2003 பாடத்திட்டத்தில் இயற்கை வளங்கள் என்ற அலகிலும், மாசுபடுதல் என்ற அலகிலும் ஒரு தலைப்பு திரும்பத் திரும்ப வரும்: ‘தனிமனிதனின் பங்கு’. வளங்களைக் காப்பதில் தனிமனிதனின் பங்கு, மாசைத் தடுப்பதில் தனிமனிதனின் பங்கு. விடை எல்லாருக்கும் தெரியும். குழாயை மூடு, விசிறியை நிறுத்து, துணிப்பை எடுத்துப் போ, மரம் நடு. அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையில் கருத்தியல் எப்படித் தனிமனிதனைத் தன்னிலையாக்குகிறது என்பதற்குத் தெருவில் போலீஸ்காரர் கூப்பிடுகிற உதாரணத்தைச் சொல்வார். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்த கணத்தில் ‘என்னைத்தான்’ என்று நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். இந்தத் தலைப்பு அப்படிப்பட்ட ஒரு கூப்பாடு. அதற்குத் திரும்பிப் பார்க்கிற மாணவி நுகர்வோராகத் திரும்புகிறாள். குடிமகளாக, தொழிலாளியின் மகளாக, கிணற்றை இழந்த விவசாயியின் பேத்தியாகத் திரும்புவதற்கு அங்கே இடமில்லை. குழாயை மூடுவது தப்பா என்று கேட்பார்கள். தப்பில்லை. குழாயில் தண்ணீர் வருகிற வீடுதான் அந்த வாக்கியம் மனசில் வைத்திருக்கிற வீடு. அவ்வளவுதான்.

3

இந்தப் பாடத்தின் மூலமந்திரம் ‘சஸ்டைனபிள் டெவலப்மென்ட்’. தமிழில் இதற்கு ஒன்றல்ல, அரை டஜன் சொல் இருக்கிறது. நிலைத்த வளர்ச்சி, நீடித்த வளர்ச்சி, நீடித்த நிலையான வளர்ச்சி, பேண்தகு வளர்ச்சி, வளங்குன்றா வளர்ச்சி. கலைச்சொல் குழப்பம் என்று தமிழ்த்துறையில் அலுத்துக்கொள்வார்கள். எனக்கென்னவோ இந்தக் குழப்பம்தான் உண்மையைச் சொல்வதாகப் படுகிறது.

‘நிலைத்த வளர்ச்சி’ என்றால் நிலைக்க வேண்டியது எது? வளர்ச்சி. வளர்ச்சி நிற்கக்கூடாது என்பது அதன் பொருள். ஒரு சிமெண்ட் கம்பெனியும் கைதட்டி ஏற்றுக்கொள்ளும். ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்றால் குன்றக்கூடாதது வளம். அதாவது வளர்ச்சிக்கு ஒரு நிபந்தனை விதிக்கிறது. இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு. ஆனால் ஒன்றுக்கொன்று எதிரி. ‘பேண்தகு’ என்பது இன்னும் சுவாரஸ்யம். பேணத் தகுந்தது என்றால் பேணுகிறவர் ஒருவர் வேண்டும், எது தகும் என்று தீர்மானிக்கிற ஒருவரும் வேண்டும். ஆங்கிலச் சொல் தன் வயிற்றில் மறைத்து வைத்திருக்கிற சண்டையைத் தமிழ் தன்னையறியாமல் வெளியே போட்டுவிட்டது. மொழிபெயர்ப்பு தோற்ற இடத்தில் விமர்சனம் ஜெயித்திருக்கிறது.

வரையறைக்கு வருவோம். 1987இல் புருண்ட்லாந்து ஆணையம் சொன்னது: வருங்காலத் தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்கிற திறனுக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவது. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இதுவே முழு விடை. ஆனால் அறிக்கையில் வரையறை அதோடு முடியவில்லை. தேவை என்பதை விளக்கும்போது உலகத்து ஏழைகளின் அடிப்படைத் தேவைகளுக்கே எல்லாவற்றுக்கும் மேலான முன்னுரிமை என்கிறது. எல்லை என்பதை விளக்கும்போது தொழில்நுட்பமும் சமூக அமைப்பும் விதிக்கிற எல்லை என்கிறது. இந்தப் பின்பாதி கைடுகளில் உதிர்ந்துபோயிற்று. ஏழை போனான், சமூக அமைப்பு போனது. பிறக்காத பேரப்பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள். பிறக்காதவர்களுக்காக உருகுவது சுலபம். அவர்கள் கூலி கேட்க மாட்டார்கள்.

4

இந்தச் சொல் இந்தியச் சட்டத்துக்குள் காலூன்றியதற்கு ஒரு முக்கியமான வாசல் நம் பாலாறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் வழங்கிய தீர்ப்பு, நீடித்த வளர்ச்சியையும், முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் நாட்டின் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. தீர்ப்பில் இருக்கிற கணக்குகளைப் பாருங்கள். ஐந்து மாவட்டங்களில் 900க்கு மேற்பட்ட தோல் பதனிடும் ஆலைகள். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதுமோ பயிருக்கு லாயக்கற்றுப் போயிற்று. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின. ஆலைகள் ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், கெட்ட சூழலைச் சீர்செய்கிற செலவையும் தர வேண்டும் என்றது நீதிமன்றம்.

வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ ஒரு பெண் கல்லூரியில் உட்கார்ந்து நீடித்த வளர்ச்சியை வரையறு என்ற கேள்விக்கு விடை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் எழுதுவது 1987, புருண்ட்லாந்து, நார்வே. அந்தச் சொல் நீதிமன்றத்துக்கு வந்த வழி அவள் வீட்டுக் கிணறு என்பது விடைத்தாளில் வராது. அவளுடைய அப்பா ஆலையில் வேலை செய்கிறவராக இருக்கலாம். ஆலையை மூடினால் அடுப்பு எரியாது, மூடாவிட்டால் தண்ணீர் குடிக்க முடியாது என்பது அவள் வீட்டில் தினசரி நடக்கிற விவாதமாக இருக்கலாம். சூழலா பிழைப்பா என்கிற இந்த முடிச்சுதான் இந்தப் பாடத்தின் உயிர்நிலை. அதை அவிழ்க்கிற மொழியைத் தருவதற்குத்தானே கல்லூரி? பாடமோ அவளுக்குத் தருவது ‘மனிதன் பேராசையால்’ என்ற வாக்கியம்.

தீர்வுகள் என்ற பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் பற்றி எழுதினால் மதிப்பெண் உண்டு. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்படிப்பட்ட நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தீர்வு என்பதன் படத்தில் தொட்டி, குழாய், அம்புக்குறி எல்லாம் உண்டு. தொட்டி ஓரத்தில் தூங்குகிறவன் இல்லை. 1996 தீர்ப்போடு கதை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்று விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்லி, இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக்கும் உத்தரவு போட வேண்டியிருந்தது. இடையில் ஏறக்குறைய முப்பது வருஷம். அந்த முப்பது வருஷத்தில் பெரும்பகுதி இந்தப் பாடமும் கட்டாயமாக நடந்துகொண்டுதான் இருந்தது.

2017 திருத்தத்தில் சுற்றுச்சூழல் இயக்கங்கள் என்று ஒரு தலைப்பு வந்தது. நல்ல சேதிதான். சிப்கோ, அமைதிப் பள்ளத்தாக்கு, ராஜஸ்தானத்து பிஷ்னோய்கள் என்று மூன்று உதாரணம் தருகிறது. மூன்றும் முடிந்துபோன கதைகள். பிஷ்னோய்கள் 1730இல் மரத்தைக் கட்டிப்பிடித்து ஜோத்பூர் ராஜாவின் ஆட்களிடம் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள்; 363 பேர் என்பது மரபு. ராஜா செத்துப்போனான், ராஜாங்கமும் போயிற்று. எனவே அந்தத் தியாகத்தைக் கொண்டாடலாம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் தாமிர ஆலைக்கு எதிராக நூறாவது நாள் ஊர்வலம் போனவர்களில் பலரைச் சாகடித்த துப்பாக்கிச் சூடு எந்த அலகில் வரும்? பாடத்திட்டத்துக்குப் பிடித்தமான இயக்கம், அதிகாரம் காலமாகிவிட்ட இயக்கம்.

5

சில சொற்களை வேகமாகத் தொட்டுவிட்டுப் போகிறேன்.

‘தரிசு நில மேம்பாடு.’ தரிசு என்பது நிலத்தின் குணமல்ல, வருவாய்த் துறையின் பார்வை. வரி வராத நிலம் புறம்போக்கு. ஏரிக்கரை, மேய்ச்சல் வெளி, மந்தை, சுடுகாடு எல்லாம் அதில் அடக்கம். ஊரில் நிலமில்லாதவர்களின் ஆடும் அடுப்பும் அதை நம்பித்தான் இருந்தன. அந்தச் சொல்லை நாம் வசவாக்கிவிட்டோம். புறம்போக்கு என்று ஒருவனைத் திட்டுகிறபோது வெள்ளைக்காரன் கஜானாக் கணக்கில் நின்றுகொண்டுதான் திட்டுகிறோம். பாடத்தில் தரிசை மேம்படுத்துவது நற்காரியம். யாருக்கிருந்து யாருக்கு என்ற கேள்வி இல்லை.

‘மாசு.’ ஆங்கிலத்தில் பொல்யூஷன் என்ற ஒரே சொல் சமூகவியலில் தீட்டையும் குறிக்கும். தமிழில் மாசு வேறு, தீட்டு வேறு. இந்தப் பிரிவினை பாடத்துக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. திடக்கழிவு மேலாண்மையில் மக்கும் குப்பை, மக்காத குப்பை, பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி எல்லாம் வரும். தொட்டியைத் தூக்குகிற கை யாருடையது, அது ஏன் எப்போதும் அதே சாதிகளின் கையாக இருக்கிறது என்பது வராது. மனித மலத்தை மனிதனே அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தன. நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம், வன உயிரினச் சட்டம் என்று 2003 பாடத்திட்டம் அடுக்கிய வரிசையில் 1993 சட்டத்துக்கு நாற்காலி இல்லை. தீட்டு சுற்றுச்சூழலில் சேராது போலும்.

‘மக்கள்தொகை வெடிப்பு.’ வெடிப்பது எப்போதும் குடிசையில்தான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள் என்று வந்துவிட்டது. ஒரு தலைமுறைக்கு ஈடுசெய்யக்கூட அது போதாது. இதற்குப் பிறகும் வெடிப்பு என்று எழுதினால் அதை ஞாபகப் பிசகு என்று சொல்ல முடியாது.

6

தமிழ்த்துறைக்காரர்கள் இந்த இடத்தில் எழுந்து, இதற்கெல்லாம் நம்மிடம் திணைக் கோட்பாடு இருக்கிறதே என்பார்கள். ‘சங்க இலக்கியத்தில் சுற்றுச்சூழல்’ என்று ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவற்றில் நடப்பது மரப் பட்டியல், பறவைப் பட்டியல், கடைசியில் ‘பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர்’ என்ற முத்திரை. சிலைடின் வேலையைச் செய்யுளை வைத்துச் செய்வது. 2017 பாடத்திட்டம் சுற்றுச்சூழல் அறத்தில் மதங்களின், பண்பாடுகளின் பங்கு என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இந்தப் பழம்பெருமை அந்தக் கதவு வழியாக நேராகக் கோயிலுக்குப் போய்ச் சேரும்.

ஆனால் திணையைப் பெருமைக்காக அல்லாமல் ஒரு வாசிப்பு முறையாக எடுத்தால் நிலைமை வேறு. கருப்பொருளில் விலங்கும் மரமும் நீரும் இருக்கிற அதே வரிசையில் உணவும் தொழிலும் மக்களும் பறையும் தெய்வமும் இருக்கின்றன. உழைப்பைக் கழித்துவிட்டு நிலத்தைச் சொல்ல அந்தச் சட்டகத்தால் முடியாது. பாடப் புத்தகத்து உணவுச் சங்கிலியில் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று போகிற வட்டத்தில் புல்லுக்குப் பட்டா யார் பேரில் என்ற கேள்வி எழாது. பாலையைத் தனி நிலமாகப் பார்க்காமல், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு எடுத்த வடிவமாகச் சிலப்பதிகாரம் பார்க்கிறது. பாழ் என்பது ஒரு நிகழ்வு, அதற்குக் காரணம் உண்டு என்று சொல்கிற பார்வை இது. தரிசைப் பிறவிக் குணமாக்குகிற வருவாய்த் துறை மொழிக்கு நேர் எதிர். திணையில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உரிப்பொருள் தலைமக்களுக்குத்தான், அடியோரும் வினைவலரும் புறத்தே நிற்க வேண்டும் என்கிற விதியும் அதே இலக்கணத்தில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்து வாசித்தால்தான் அது பயன்படும்.

இன்னொன்று. டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் 2010இல் வந்தது, 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் வாழ்வும் சங்கம் கட்டிய போராட்டமும்தான் கதை. தீர்ப்பில் வருகிற கெட்டுப்போன கிணறுகளும் அதே திண்டுக்கல் பக்கம்தான். நாவலைத் தமிழ்த்துறையில் வைப்பார்கள், தீர்ப்பைச் சட்டக் கல்லூரியில் வைப்பார்கள், குரோமியத்தை வேதியியலில் வைப்பார்கள். இந்த மூன்றும் ஒரு மேசையில் சந்திக்கிற வகுப்புக்குத்தான் சுற்றுச்சூழல் கல்வி என்று பெயர் வைக்க வேண்டும். பல்துறைத் தன்மை என்று முதல் அலகுக்கே பெயர் சூட்டிவிட்டு, அதற்கு 2003இல் ஒதுக்கியது ஐம்பதில் இரண்டு வகுப்பு.

7

பிரதிக்குள் ஒரு விரிசல் இருக்கிறது. எட்டாம் அலகு: களப்பணி. ஐந்து மணி நேரம், இருபத்தைந்து மதிப்பெண். உள்ளூரில் மாசுபட்ட ஓர் இடத்துக்குப் போய் ஆவணப்படுத்து என்று பாடத்திட்டமே சொல்கிறது. நடைமுறையில் இது பல கல்லூரிகளில் பூங்காவுக்கோ வண்டலூருக்கோ பஸ் பிடிப்பதாகவும், பழைய ரெக்கார்டைப் பார்த்து எழுதுவதாகவும் முடிந்துபோகிறது. ஆனால் ‘உள்ளூர்’ என்ற சொல் அங்கே அச்சில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நிறைய தூரம் போகலாம்.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிற திட்டங்களுக்கு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் தரப்பட வேண்டும். அதை ஒரு சடங்காகத்தான் நினைக்கிறார்கள். 2020இல் அந்த அறிவிக்கைக்குப் பதிலாகப் புதிய வரைவு வந்தபோது, எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதை மொழிபெயர்க்கும்படி ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பிரமாணமான ஆவணம் என்ன மொழியில் இருக்கிறது என்பதற்காக அரசாங்கமே கோர்ட் படி ஏறுகிறது என்றால், மொழி வெறும் கலைச்சொல் விவகாரமில்லை என்பது தெளிவு.

எனவே தமிழ் படித்த ஆசிரியர் தலையில் இந்த வகுப்பு விழுந்தால் அலுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கூட்டத்துக்கான தமிழ்ச் சுருக்கத்தை வாங்கி மாணவர்கள் கையில் கொடுக்கலாம். எத்தனை செயப்பாட்டு வினை, எத்தனை இடத்தில் ‘ஆல்’ உருபு காணோம், எங்கெல்லாம் பிறவினை தன்வினையாகியிருக்கிறது என்று எண்ணச் சொல்லலாம். ‘பாதிப்பு ஏற்பட வாய்ப்பில்லை’ என்ற வாக்கியத்தில் வாய்ப்பில்லை என்று சொல்கிறவர் யார் என்று கேட்கச் சொல்லலாம். பிறகு அதே மாணவர்களைக் கூட்டத்துக்கும் அனுப்பலாம். ஊர்க்காரர்கள் மைக்கைப் பிடித்தால் பெயர் சொல்லித்தான் பேசுகிறார்கள்: இன்ன கம்பெனி, இன்ன வாய்க்கால், எங்க மாடு, எங்க பிள்ளைக்குத் தோல் வியாதி. அவர்கள் வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்டபடியே எழுதிக்கொண்டு வந்து, சுருக்கத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, இருபத்தைந்து மதிப்பெண்ணுக்குச் சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். திருத்துகிறவர் என்ன மதிப்பெண் போடுவார் என்பதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.